முந்நூற்றுப் பதினேழு

வெள்ளிக்கிழமை. மணி மூன்று நாற்பது.
ஐந்துக்கு இழுத்து மூடிவிடுவார்கள்
டவுன்ஷிப் அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னலை.
அதன் பிறகு
பொருந்தாத கையெழுத்து பொருந்தாததுதான்.

வாஷிங்டனில் ஒரு நாற்காலி.
அதற்கும் எங்கள் வேட்பாளருக்கும் நடுவே
முந்நூற்றுப் பதினேழு ஓட்டு.
காலையில் நான் ஓட்டும் மஞ்சள் பள்ளிப் பேருந்தில்
ஐந்து நடையில் ஏற்றி இறக்கிவிடலாம் அத்தனை பேரையும்.

மேற்கு மிச்சிகனில் நவம்பர்.
ஒரே அச்சில் வார்த்த வீடுகள்,
ஒரே சாம்பல் நிறக் கராஜ் கதவுகள்,
வாசல்தோறும் சருகு திணித்த காகிதப் பைகள்.
என் பட்டியலில் பதினொரு பெயர்.
நாலு வீட்டில் நாய்தான் பதில் சொன்னது.
ஒரு பையன், பத்தொன்பது வயது,
கடைசியாகப் பேனா பிடித்தது எப்போதென்று
அம்மாவைக் கேட்டுச் சொன்னான்.

பதினொன்றாவது:
லோர்னா வெல்ட்காம்ப்.
புல்வெளியில் இரண்டு அட்டை.
இடப்பக்கம் எங்கள் ஹால்வர்சன்,
வலப்பக்கம் அவர்களுடைய பிராக்மா,
நடுவில், ஹாலோவீன் முடிந்தும் கழற்றப்படாத
பத்தடிப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு
இருவருக்கும் பொதுவாகக் கையை விரித்தபடி.

கதவைத் திறந்தவள் கையில் மாவு.
உங்கள் தபால் ஓட்டு நிற்கிறது என்றேன்,
உறைமேல் உள்ள கையெழுத்து உங்களுடையதல்ல என்கிறார்கள்.
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்:
"கெரிட்! என் உறையில் கையெழுத்துப் போட்டாயா நீ?"

உள்ளே தொலைக்காட்சி அடங்கியது.
"அப்படியானால் என்னுடையதில்
போட்டது யார்?"

ஒரே மேசை, ஒரே பேனா, இரண்டு உறை,
அடுப்பில் ஏதோ தீயும் வாசனை.
மாறிப்போயிருந்தது.
சிரித்தார்கள் இருவரும். நானும், கடமைக்கு.
பிறகு படிவத்தை நீட்டினேன். ஒன்றை.

"எனக்கு?" என்றார் கெரிட்.
நீங்கள் என் பட்டியலில் இல்லை என்றேன்.
உண்மைதான்.
அவருக்கு வர வேண்டியவன்
வேறொரு பட்டியலோடு வேறொரு தெருவில்
எந்த நாயோடு பேசிக்கொண்டிருக்கிறானோ.
என் பையில் வெற்றுப் படிவம்
ஒன்பது இருந்தது.
பையின் ஜிப்பை மூடினேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

லோர்னா பேனாவைக் கீழே வைத்தாள்.
"முப்பத்தொரு வருஷமாக
இவர் ஓட்டை நான் அழிக்கிறேன்,
என் ஓட்டை இவர் அழிக்கிறார்.
ஒருமுறை பனிப்புயலில்
இவருக்குக் காய்ச்சல், நூற்று மூன்று.
போர்வை சுற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்,
என்னைத் தோற்கடிக்க.
இப்போது இவரில்லாமல் ஜெயிக்கவா?"

மணி நாலு பதினெட்டு.
ஜிப் திறக்கும் சத்தம்
அந்த அடுக்களையில் அவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்க வேண்டாம்.

அவர்கள் கார் முன்னால், நான் பின்னால்.
ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி.
எண்ணினேன், பெட்டி பெட்டியாக,
தொண்ணூறுக்கு மேல் விட்டுவிட்டேன்.
முன்காரில் இரண்டு தலைகள்
எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.
அநேகமாக ரேடியோவுக்கு.

நாலு ஐம்பத்தொன்று.
சன்னலில் இருந்த பெண் இருவரையும் பார்க்கவில்லை,
எழுத்தின் வளைவுகளை மட்டும் பார்த்தாள்.
முத்திரை. மறுபடி முத்திரை.
கெரிட் எனக்குக் கை கொடுத்தார்.
பரவாயில்லை, உன் ஆள் தோற்கட்டும் என்றார், அன்பாக.

வாகன நிறுத்தத்தில் கைப்பேசி துடித்தது.
அலுவலகம் கேட்கிறது: எத்தனை?
ஒன்று, என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
கண்ணாடியில் மெல்லிய பனி விழத் தொடங்கியது.
முந்நூற்றுப் பதினேழு
இப்போதும் முந்நூற்றுப் பதினேழுதான்.
துடைப்பானைப் போட்டேன்,
அது இந்தப் பக்கம் ஒருமுறை
அந்தப் பக்கம் ஒருமுறை.
பிறகு அனுப்பினேன்.